கைலி சேலை ஆகாது

பால்சாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சொன்ன இடம் அய்யனார் கோயில் வாசல். கேட்டது பாதி ஊர். அதனால் அதை விழுங்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என் கையால ஒரு சேலை எடுத்துக் குடுக்க மாட்டேன்."

அவர் வீட்டு வழக்கம் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தாலி ஏறியதும் ஒருத்தி அந்த வீட்டு மருமகளாகிவிட மாட்டாள். மாமனார் கடைக்குப் போக வேண்டும். தன் கையால் ஒரு சேலை எடுக்க வேண்டும். முனையில் மஞ்சள் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் அந்த வீட்டு அடுப்பைத் தொடலாம். அதுவரை வந்துபோகிற விருந்தாளி.

மகன் தங்கசாமி கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். லண்டனில் இறங்கி ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்துகொண்டான். அதே ஆஸ்பத்திரியில் லோர்னா நர்ஸ். 1995இல் இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினார்கள். ஊர் அந்தப் போட்டோவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மூக்கையா டீக்கடையில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"லண்டனுக்குப் போயும் நம்ம நெறத்துலதான் பாத்திருக்கான். இதுக்கு எதுக்குய்யா அம்புட்டுத் தூரம்?"

ஊருக்கு இருந்த குறை அவ்வளவுதான். வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் ஒருவேளை மேளம் வைத்து அழைத்திருப்பார்கள்.

பால்சாமியின் குறை வேறு. தங்கை இருளம்மாளின் மகள் பூமயிலைத் தங்கசாமிக்கென்று தொட்டிலிலேயே பேசி வைத்திருந்தார். போட்டோ வந்த அன்று இருளம்மாள் கோயில் வாசலில் விழுந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். தாயில்லாமல் இவர் தூக்கி வளர்த்த தங்கை. அவள் அழுகையை நிறுத்த எதையாவது கொடுத்தாக வேண்டும். கையில் இருந்தது அந்த வார்த்தை மட்டும்தான். கொடுத்துவிட்டார்.

பூமயில் அடுத்த ஆவணியிலேயே தேவகோட்டையில் ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள். குளிர் தேசத்துக்குப் போகாமல் தப்பித்ததற்கு அய்யனாருக்குக் கிடா வெட்டாத குறை. ஆனாலும் அண்ணன் கொடுத்த வார்த்தையை இருளம்மாள் நகை மாதிரி வைத்திருந்தாள். நல்லது கெட்டதுக்கு எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

தங்கசாமியும் அப்பனுக்குப் பிறந்தவன்தான். "சேலை எடுத்துக் குடுக்காத வீட்டு வாசல்ல அவளைக் கொண்டாந்து நிறுத்த மாட்டேன். அவ வராம நானும் வரமாட்டேன்" என்று அம்மா பாண்டியம்மாளிடம் சொல்லிவிட்டான்.

இரண்டு பொங்கல் மகன் இல்லாமல் போனது. பால்சாமி பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்டினார், கொம்புக்கு வர்ணம் அடித்தார், ஒரு வாய் பொங்கலோடு எழுந்து வயலுக்குப் போய்விட்டார். வயலில் அன்றைக்கு ஒரு வேலையும் கிடையாது.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கசாமி ஆர்.எஸ்.மங்கலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வான். பாண்டியம்மாள் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வருவாள். அதே பஸ்ஸில் பால்சாமியும் ஏறுவார். பருத்திக்கொட்டை வாங்கப் போவதாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பருத்திக்கொட்டைக் கடை பூட்டியிருக்கும். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் பூத்துக்கு வெளியே பெஞ்சில் உட்காருவார். பாண்டியம்மாள் கண்ணாடிக் கதவைச் சாத்தமாட்டாள்.

"புழுக்கமா இருக்குய்யா" என்பாள் பூத்துக்காரரிடம். மார்கழியிலும் அதைத்தான் சொன்னாள்.

97 ஆவணியில் ஒரு ஞாயிறு அவள் பேச்சில் புதிதாகச் சிலது கேட்டது.

"துணியா? என்ன துணி? ... கட்டம் போட்டதா? ... தலையிலயா? ... ஏலே, வெளாடாத."

பஸ்ஸில் வரும்போது பால்சாமி சன்னலைப் பார்த்தபடி இருந்தார். பாண்டியம்மாளும் அந்தப் பக்கச் சன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஊர் வருவதற்குள் அவர் தோற்றார்.

"என்னவாம்?"

"யாருக்கு?"

"உன் மகனுக்கு."

"அவனுக்கு ஒண்ணுமில்ல. லோர்னாவுக்குத்தான் ஒரு விசேசம். அக்டோபர் மாசம் முழுக்க அங்கன கொண்டாடுவாகளாம். கறுப்புச் சனங்க எங்கன இருந்து வந்தாக, என்ன பாடுபட்டாக, என்னென்ன செஞ்சாகன்னு ஊருக்கே எடுத்துச் சொல்ற விசேசம். ஆட்டம், பாட்டு, சாப்பாடு எல்லாம் உண்டு. இந்த வருசம் அவ பேட்டையில அவதான் முன்னால நின்னு நடத்துறாளாம்."

"நடத்தட்டும். நானா வேணாம்னேன்?"

"அவ அப்பன் ஆத்தா பொறந்தது ஒரு தீவு. டொமினிக்கான்னு பேரு. நல்லநாள் பொல்லநாளுக்கு அங்கன கட்டம் போட்ட துணிதான் கட்டுவாகளாம். பாவாடையும் அதுதான், தலைக்கட்டும் அதுதான். அந்தத் துணி ஆதியில நம்ம சீமையில இருந்து கப்பல்ல போனதாம். புருசன் ஊர்லயிருந்து பத்துக் கெசம் வந்தா அதைக் கட்டிக்கிட்டு மேடையேறலாம்னு ஆசைப்படுறா."

பால்சாமி மறுபடி சன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் மாதிரிக்கு ஒரு போட்டோ வந்தது. லோர்னாவின் அம்மா. பருமனான, சிரித்த முகம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாவாடை. அதே துணியில் தலைக்கட்டு. பாண்டியம்மாள் அதைக் காலண்டர் ஆணியில் செருகி வைத்தாள். பால்சாமி தேதி பார்க்கப் போனார். வெகுநேரம் தேதி பார்த்தார்.

"கைலியில்ல இது?"

"அப்படித்தான் தெரியுது."

"நான் கம்மாய்க்குள்ள எறங்குறப்பக் கட்டுறத அந்தம்மா தலையில கட்டியிருக்கு."

"அவுகளுக்கு அது பட்டு."

"பட்டாவது பருத்தியாவது. மருமகளுக்கு மொதமொதக் கைலி எடுத்துக் குடுத்த வீடுன்னு நமக்குப் பேரு வரணுமா? நாலு பேரு காறித் துப்ப மாட்டான்?"

பாண்டியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தினாள்.

"யாருக்கு?"

பால்சாமிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொழுது சாய்ந்து திரும்பினார். சாப்பிட உட்கார்ந்தபோது பாண்டியம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு சந்தேகம். கைலி சேலையாகுமா?"

அவர் பிசைந்த சோற்றைப் பார்த்து யோசித்தார்.

"ஆகாது."

"அதான் கேட்டேன்."

"கைலிய யாருக்கும் எடுக்கலாம். கதிரறுக்க வாரவனுக்கு எடுக்குறோம். வண்டிக்காரனுக்கு எடுக்குறோம். அதுல ஒரு முறையும் இல்ல."

"நான் இருக்குன்னு சொன்னேனா?"

"சொன்னது சேலையத்தான். கைலியச் சொல்லல."

"கோயில் வாசல்ல நானும் இருந்தேன். கைலின்னு ஒரு வார்த்தை வரல."

பால்சாமி இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு கேட்டு வாங்கியது.

"மூக்கையா அண்ணன் நாளைக்கு ராமநாதபுரம் போறாக. அவுககிட்டச் சொல்லி எடுத்தாரச் சொல்லவா?" என்றாள்.

"அவனுக்கு என்னடி தெரியும் துணியப் பத்தி?"

*

ராமநாதபுரம் கடைத்தெருவில் ஹாஜா முகைதீனின் துணிக்கடை. பாதிக் கடை கைலி. கீழக்கரைக்காரர். வாய் சும்மா இருக்காது.

"வாங்கண்ணே, வாங்க மதினி. கைலியா? மூட்டுனதா, மூட்டாததா?"

"மூட்டக்கூடாது. வெட்டவும் கூடாது. ஒரே துண்டாப் பத்துக் கெசம் வேணும்."

"பத்துக் கெசத்துல கைலியா? ஆளு எம்புட்டு உசரம்ணே?"

"நீ துணிய எடுத்துப் போடப்பா."

ஹாஜா முகைதீன் எடுத்துப் போட்டார். பால்சாமி ஒவ்வொன்றாகத் தள்ளினார். இது சாவு வீட்டு நிறம். இதில் கட்டம் கோணல். இது சிவப்பே இல்லை, காவி. சிவப்பென்றால் காயப்போட்ட மிளகாய் மாதிரி இருக்க வேண்டும். துணியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஊடை நூலை நகத்தால் நெருடினார். மதியத் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஹாஜா, அவர் இன்னும் தெருவில் துணியோடு நிற்பதைப் பார்த்தார்.

"அண்ணே, யாருக்குண்ணே இது?"

"ஒரு ஆளுக்கு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆளுக்குன்னேன்ல?"

ஹாஜா பாண்டியம்மாளைப் பார்த்தார். அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"கைலிக்கே இந்தப் பாடுன்னா, நீங்க மருமகளுக்குப் பட்டெடுக்க வார அன்னைக்கு நான் கடைக்கு லீவு விட்டுருவேண்ணே. அல்லாவே, எனக்குத் தெம்பு இல்ல."

"மருமகளுக்கு எடுக்கல."

"நான் சொன்னேனா மருமகளுக்குன்னு?"

இந்தப் பதிலை அன்றாடம் வீட்டிலும் கேட்டுச் சலித்திருந்த பால்சாமி அடுத்த துணியைக் காட்டச் சொன்னார். கடைசியில் பரணில் இருந்து இறங்கியது ஒரு கட்டு. மிளகாய்ச் சிவப்பு, அதன் குறுக்கே மஞ்சள், நடுவில் நாற்றுப் பச்சை. கைத்தறி. ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சியது என்றார் ஹாஜா. பால்சாமி அதை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இத வெட்டு" என்றார்.

"கெசம் பத்துத்தானே?"

"ஒண்ணு கூடவே வெட்டு. தலைக்கு வேணும்ல."

வீட்டுக்கு வந்ததும் பாண்டியம்மாள் லண்டனுக்கு அனுப்பும் பெட்டியில் துணி விரித்து, அதன் மேல் ஒரு பொட்டலம் வத்தலையும் வைத்தாள். பால்சாமி புதுத்துணியை அய்யனார் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது. மஞ்சளைக் குழைத்துத் துணியின் முனையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார்.

பாண்டியம்மாள் பார்த்தாள். பெட்டியைச் சீக்கிரம் துணி சுற்றித் தைத்து மூடிவிட்டாள்.

*

மார்கழியில் ஒரு வீடியோ கேசட் வந்தது. அக்டோபர் விசேசத்தைத் தங்கசாமி தானே படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஆர்.எஸ்.மங்கலத்தில் இருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்தன. காலையில் இருந்தே வீடு நிறைந்துவிட்டது. மூக்கையா முதல் வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

இருளம்மாளும் வந்தாள். மொச்சை உரிக்க வந்ததாகச் சொன்னாள். கூடவே முறமும் கொண்டுவந்திருந்தாள்.

"நான் அதையெல்லாம் பாக்க மாட்டேன் மதினி. நீங்க பாருங்க" என்று டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. முதலில் ஒரு தெரு. மேகம் மூடிய வானம். வீடெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல. தெரு நிறைய ஆட்கள். தகர டிரம்மைக் குழித்துச் செய்த மேளத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தகரத்தில் இருந்து மணிச்சத்தம் மாதிரிப் பாட்டு வந்தது.

"நம்ம தவுலுக்காரனுக்கு இதக் காட்டணும்" என்றார் மூக்கையா. "தோலு கிழிஞ்சு போச்சுன்னு இனிச் சொல்ல மாட்டான்."

தங்கசாமியின் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்து பேசினான்.

"அய்யா, அம்மா, இது எங்க பேட்டை. இவுகள்லாம் ஒவ்வொரு தீவுக்காரவுக. அந்தா தொப்பி போட்ட பெரியவர் லோர்னாவோட அய்யா. கப்பல்ல வந்து எறங்கி பஸ் ஓட்டுனாரு. இது என் மாமியா. ரெயில்வே கேண்டீன்ல வேலை பாத்தாக. வந்த புதுசுல யாரும் வீடு வாடகைக்குத் தரலையாம். கறுப்பருக்கு எடமில்லைன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருப்பாகளாம்."

மொச்சை உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அங்கனயுமா?" என்றார் மூக்கையா.

படம் ஒரு மண்டபத்துக்குள் போனது. சுவரெல்லாம் படங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தார்கள். தங்கசாமி தணிந்த குரலில் சொன்னான்.

"இவுக முன்னோரை ஆப்பிரிக்காவுல பிடிச்சு, சங்கிலி போட்டுக் கப்பல்ல ஏத்தி, தீவுகள்ல வித்துருக்காக. கரும்புக் காட்டுல வேலை செய்ய. பேரைக்கூட மாத்திட்டாக. அதனால இந்த மாசம் பேரைச் சொல்றது ஒரு முறை மாதிரி."

"வித்தாகளா?" இருளம்மாளின் முதுகு கேட்டது. "மனுசரையா?"

"எங்கய்யாவ மண்டபம் கேம்புல அடைச்சு வச்சு, மருந்தடிச்சுத்தான் கண்டிக்குக் கப்பல் ஏத்துனாக" என்றார் மூக்கையா. "தேயிலைக்கு. ஆனா விக்கல."

"வித்தாத்தான் வித்தது மாதிரியா?" என்றாள் பாண்டியம்மாள்.

மூக்கையா நாற்காலியில் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அப்புறம் மேடை. பெண்கள் கட்டம் போட்ட பாவாடையும் தலைக்கட்டுமாக வந்தார்கள். கூடம் கலகலத்தது. யாரோ ஒருத்தி, "ஏ, எங்க வீட்டு மனுசன் கைலி அங்கன ஆடுது" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். இருளம்மாள் அரைவாசி திரும்பியிருந்தாள். வெளிச்சத்துக்காகத் திரும்பியதாகச் சொன்னாள்.

"தலைக்கட்டுல ஒரு கணக்கு இருக்கு" என்றது தங்கசாமியின் குரல். "ஒரு முனைய நீட்டிவிட்டுக் கட்டுனா இன்னும் யாருக்கும் பேசலைன்னு அர்த்தம். ரெண்டு முனைன்னா பேசி வச்சாச்சு. மூணு முனைன்னா கல்யாணம் ஆனவ. பழைய காலத்து வழக்கம்."

"பரவால்லையே" என்றாள் இருளம்மாள். "அங்கனயும் முறைக்காரவுகதான் போல."

லோர்னா மேடைக்கு வந்தாள். உயரம். மிளகாய்ச் சிவப்பும் மஞ்சளும் நாற்றுப் பச்சையும் அவள் மேல் நின்று எரிந்தன. கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பால்சாமி நிலைப்படியில் சாய்ந்து நின்றார். சிவப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கட்டமும் கோணவில்லை.

அவள் இங்கிலீஷில் பேசினாள். தங்கசாமி ஒவ்வொரு வரியாகச் சொன்னான்.

"எங்க ஆத்தாவோட ஆத்தாவுக்கு இந்தத் துணி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது. தூரத்துல இருந்து வருதுன்னு மட்டும் தெரியும்னு சொல்றா... அடிமையா இருந்த காலத்துல வாரம் பூரா முரட்டுத் துணி. ஞாயித்துக்கெழம மட்டும் இது. இதைக் கட்டுன அன்னைக்கு அவுக மனுசரா நடந்தாகங்கிறா... இந்தத் துணிய என் புருசனோட அய்யா தன் கையால எடுத்தாருங்கிறா."

பால்சாமி நிலைப்படியில் இருந்து விலகினார். போக இடமில்லை. வாசலிலும் ஆட்கள்.

லோர்னா சிரித்தபடி கையைத் தூக்கித் தலைக்கட்டின் நடு முனையைத் தொட்டுக் காட்டினாள். கேமரா கிட்டே போனது. முனையில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை.

"அவரு வச்ச மஞ்சளைத் துவைக்காம முன்னால வச்சுக் கட்டியிருக்கேங்கிறா" என்றது குரல். பிறகு கேமரா ஒரு தடவை தரையைக் காட்டிவிட்டு மேலே வந்தது. அங்கே கைதட்டினார்கள். இங்கே யாரும் தட்டவில்லை.

இருளம்மாள் முழுவதும் திரும்பிவிட்டாள். முறத்தைத் தரையில் வைத்தாள்.

"அண்ணே."

பால்சாமி தூணில் ஏதோ கறையைச் சுரண்டினார்.

"அண்ணே, உங்களத்தான். கைலிக்கு யாருண்ணே மஞ்ச வச்சா?"

"கைப்பழக்கம்த்தா."

"வண்டிக்காரனுக்குக் கைலி எடுத்தீகளே, அதுக்கு வச்சீகளா?"

பால்சாமி தூணை இன்னும் அழுத்திச் சுரண்டினார்.

"கதிரறுக்கறவுகளுக்கு?"

மூக்கையாவுக்கு இருமல் வந்தது. பாண்டியம்மாள் டெக்கை நிறுத்தப் போனாள். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் நின்றாள்.

இருளம்மாள் எழுந்தாள். அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பால்சாமி அதற்குத் தயாராக நின்றார். இந்தத் தடவை கொடுக்க ஒரு வார்த்தையும் கையில் இல்லை. அவள் சேலையில் ஒட்டிய மொச்சைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"சரி. மருமகளுக்கு எடுத்தாச்சு. அத்தைக்கு எங்கண்ணே சேலை?"

"என்னது?"

"மருமகளுக்கு எடுக்குறப்ப மாப்பிள்ளையோட அத்தைக்கும் எடுக்கணும். அதுதான் முறை. என்னைய விட்டுட்டுத் திருட்டுத்தனமா எடுத்திருக்கீக. பாண்டியம்மா மதினியும் கூட்டு. ரெண்டு பேரும் என் முகத்துல முழிக்காதீக."

"உனக்கு நான் குடுத்த வார்த்தை..."

"அத நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய? கட்டிக்கவா முடியும்?"

கூடம் வெடித்துச் சிரித்தது. இருளம்மாள் சிரிக்கவில்லை. அவள் டிவியைப் பார்த்தாள். அதில் லோர்னா அசையாமல் நின்றாள். பாண்டியம்மாள் எதையோ அமுக்கியிருக்கிறாள்.

"நல்ல வளத்தி" என்றாள் இருளம்மாள். "நம்ம பையன் குள்ளம். பிள்ளைக உசரமாப் பொறக்கும்."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்துக்கு மூன்று பேர் போனார்கள். தங்கசாமி கூப்பிட்டதும் இருளம்மாள் ரிசீவரை எடுத்தாள்.

"ஏலே, அத்தை பேசுறேன். போனை வச்சிராத, முழுசாக் கேளு. உங்கய்யா உன்கூடப் பேசணுமாம்." ரிசீவரை அண்ணன் காதில் வைத்து அழுத்தினாள். பாண்டியம்மாள் இன்றைக்குக் கதவைச் சாத்தினாள். மூன்று பேருக்கும் உள்ளே மூச்சுவிட இடமில்லை.

பால்சாமி தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கமும் ஒரு செருமல் கேட்டது. கடல் தாண்டி அப்பனும் மகனும் கொஞ்ச நேரம் செருமிக்கொண்டார்கள்.

"அய்யா, லோர்னா பக்கத்துல நிக்கிறா. குடுக்கிறேன்" என்று சொல்லி மகன் தப்பித்துக்கொண்டான்.

"மாமா" என்றது ஒரு பெண்குரல். "நல்லாயிருக்கீகளா? மழை தண்ணி உண்டா?"

ஆர்.எஸ்.மங்கலத்துப் பேச்சு. தங்கசாமி வேறு எந்தத் தமிழைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? பால்சாமி ரிசீவரைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். எதையாவது கேட்க வேண்டும்.

"துணி... துணி எப்படித்தா இருக்கு?"

"துணி நல்லா. சாயம் போச்சு, மாமா."

"என்னது?"

"சாயம். விசேசம் முடிஞ்சு துவைச்சேன். எல்லாம் போச்சு. தண்ணி செகப்பு." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

தங்கசாமி போனைப் பிடுங்கிக்கொண்டு அவசரமாகச் சொன்னான். அது நல்லதுதான் அய்யா. அவுக ஊர்ல அசல் துணி சாயம் விடும்பாக. சாயம் விட்டு, ஒண்ணோட ஒண்ணு கலந்து வந்தாத்தான் பழைய துணின்னு மதிப்பு. மாமியா சாயத்தண்ணியப் பாத்துட்டு அழுதுட்டாக, அவுக ஆத்தா துணியும் இப்படித்தான் ஓடுமாம்.

பால்சாமி இதில் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"சாயம் போற துணிய மருமகளுக்கு எடுத்துக் குடுத்தவன்னு என் பேரு கெடணுமா? நாள் பூரா வெயில்ல நின்னு பாத்து எடுத்தேண்டா. ஹாஜா முகைதீன் கடைய நான் சும்மா விடமாட்டேன்."

"அய்யா, அது நல்லதுங்கிறேன்ல..."

"நீ பேசாத. உனக்குத் துணியப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தத் துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பி வாங்க. ரெண்டு பேரும். தைக்குள்ள வாங்க. அவன் கடையில கொண்டுபோய் மூஞ்சிக்கு முன்னால விரிச்சுக் காட்டணும்."

பாண்டியம்மாளும் இருளம்மாளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. பிறகு லோர்னா திரும்ப வந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கவலை இருந்தது.

"மாமா, துணி என் துணி. கடைக்குத் திருப்பிக் குடுக்க மாட்டேன்."

"குடுக்க வேணாம்த்தா" என்றார் பால்சாமி. "நீ வந்து காட்டுனாப் போதும்."